நாம் ஏன் மீண்டும் கூட வேண்டும்?



நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு நமது சங்கத்தின் ஊழியக் குழு கம்போங் ராஜாவில் மீண்டும் நேரில் கூடத் தொடங்கியிருக்கிறது. வீடு வீடாகச் சென்று நலம் விசாரிப்பது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது, மையவாடியைத் துப்புரவு செய்வது ஆகிய பணிகளும் திரும்பக் கைக்கொள்ளப்பட்டுள்ளன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் முதற் கூட்டத்திலேயே ஓர் இளைஞர் எழுந்து நின்று, "இத்தனை வருஷமும் கைப்பேசியிலேயே எல்லாம் நடந்து வந்ததே! பணம் வசூலாயிற்று, அரிசி போயிற்று, கணக்கும் ஒப்புவிக்கப்பட்டது. கடையை அடைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு, எதற்காக எல்லோரும் ஓர் அறையில் வந்து உட்கார வேண்டும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் துடுக்குத்தனம் ஏதுமில்லை. விடை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, பதில் சொன்னவர் எவருமில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதப் பார்க்கிறோம். ஆறாம் வகுப்பும் மதரஸாவில் ஓதியதும்தான் நமது படிப்பு. ஆதலால் பெரிய தத்துவ விசாரணையை நம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம். கடையில் நின்று கண்டதையும், மனத்தில் உறுத்தியதையும் சொல்லுகிறோம்.

முதலில் அந்த இளைஞரின் கட்சியில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம்.

2020 மார்ச் 18-ம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. ஜமாஅத்துத் தொழுகை நின்றது. சாமான் வாங்கக் குடும்பத்துக்கு ஒருவர், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று விதி வந்தது. நமது ஊரின் இருப்பிடத்தை அறிந்தவர்களுக்கு அதன் கஷ்டம் புரியும். கேமரன் மலையின் வடகோடியில், புளூ வேலி தேயிலைத் தோட்டத்துக்கும் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது கம்போங் ராஜா. இங்கிருந்து தானா ராத்தா 20 கிலோமீட்டருக்கு மேல். அதே மார்ச் மாதத்தில் இந்த மலையில் விளைந்த காய்கறிகளை ஏற்றியனுப்ப வழியின்றி விவசாயிகள் கொட்டினார்கள். கீழே பட்டணங்களிலோ கூலி வேலை நின்றுபோய், அடுப்பு மூட்ட வழியில்லாமல் இருந்த குடும்பங்கள் எத்தனையோ. விளைவித்தவனையும் வேண்டியவனையும் சேர்த்து வைத்ததில் கைப்பேசிக்குப் பெரும் பங்கு உண்டு.

நமது குழுவுக்கும் அது கை கொடுத்தது. முன்பெல்லாம் ஒரு மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்ட இரண்டு மூன்று கூட்டங்கள் ஆகும். கைப்பேசிக் குழுவில் அதே தொகை இரண்டு மூன்று நாளில் சேர்ந்தது. ஈப்போவிலும் பினாங்கிலும் இருக்கும் உறவுக்காரர்கள்கூட அனுப்பினார்கள். மேலும், பழைய கூட்டங்களின் இலட்சணம் நமக்குத் தெரியாததா? அரை மணி நேரம் தேநீர், அரை மணி நேரம் யாருக்கு முன்வரிசை என்பது, மீதி நேரம் சென்ற கூட்டத்தில் பேசியதையே திரும்பப் பேசுவது. அரிசி மூட்டை ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பவர் எட்டுப் பேர். இவற்றையும் ஊழியம் என்றே நாம் எண்ணி வந்தோம். இப்படிப்பட்ட கூட்டம் திரும்ப வேண்டாம் என்று ஓர் இளைஞர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அந்த நாட்களில் கூடாமலிருந்தது தவறா என்றால், இல்லை. 2020 பிப்ரவரி கடைசியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறக்குறைய 16,000 பேர் கூடினார்கள். அவர்களுடைய நோக்கத்தில் களங்கமில்லை. ஆயினும் அந்தக் கூட்டத்தின் தொடர்பில் 3,000-க்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. நல்ல எண்ணத்துடன் கூடினாலும் நோய் தொற்றத்தான் செய்யும் என்பதை நாடே கண்டது.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே போய்க்கொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே ஆலோசனை கலந்து மதீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். நோய் பரவிய இடத்திலிருந்த படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களை விட்டு வெளியேறாமல் அங்கேயே இருந்து, அதே நோயில் மௌத்தானார்கள். ஒருவர் போகவில்லை, மற்றவர் விட்டுப்போகவில்லை. இருவரையும் சமூகம் இன்றுவரை மதிக்கிறது. தள்ளி நிற்பது கடமையாகும் காலமும் உண்டு. ஆனால் தள்ளி நின்றவர் கைவிட்டவராக ஆகாமலிருக்க வேண்டும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

2021 அக்டோபர் 11 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நாடு பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியது. நாமும் கடையை முழு நேரமும் திறந்தோம். கலியாண விருந்துகளுக்குப் போனோம். உம்ராவுக்குப் போனோம். வார இறுதியில் ஸ்ட்ராபெரி வாங்க வரும் கார்கள் மறுபடியும் பாதையை அடைத்துக்கொண்டன. ஊழியக் குழு மாத்திரம் கூடவில்லை. "கைப்பேசியிலேயே நடக்கிறதே" என்றோம். நோய்க்குப் பயந்து பூட்டிய கதவு, நோய் போன பிறகும் பூட்டியே கிடந்தது. இதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல, சோம்பல். கைப்பேசி ஒரு சாதனம். அதன்மேல் பழி சுமத்துவதில் பிரயோஜனமில்லை.

இனி, நம்மை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம்.

நமது உதவிப் பட்டியலில் ஒரு மூதாட்டியின் பெயர் இருந்தது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்லர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கணவர் இல்லை. மகன் வெளியூரில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் அவருக்குப் போகும். நமது கடையிலிருந்துதான் சாமான் போகும். அசல் விலைக்கே கொடுக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் நமக்கு இருந்தது. மோட்டார் சைக்கிளில் பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குழுவில் ஒரு 'சரி' அடையாளம் போடுவான். அதைப் பார்த்து ஏழெட்டுப் பேர் "மாஷா அல்லாஹ்" என்று எழுதுவார்கள். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

நேரில் செல்லும் பணி மறுபடியும் தொடங்கியபோது, அந்த வீடு நமது பங்குக்கு வந்தது. இன்னொரு சகோதரரும் நாமும் போனோம். கதவைத் திறந்ததும் நமக்கு வண்டு விழுந்த அரிசியின் வாடை தெரிந்தது. அரிசிக் கடைக்காரனுக்கு அந்த வாடை தப்பாது. உள்ளே சுவரோரமாக நான்கு பைகள், கட்டவிழ்க்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான்கும் நமது கடைப் பைகள்.

"என்னம்மா, சோறு ஆக்குவதில்லையா?" என்று கேட்டோம்.

"கேஸ் தீர்ந்து எத்தனையோ நாளாச்சு தம்பி. தோம்பைத் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்த பையன் வேலைக்கென்று கீழே போயிட்டான். எனக்குக் கண்ணும் சரியாத் தெரியலை, நெருப்புக்கிட்டப் போகப் பயமா இருக்கு. பக்கத்து வீட்டில் வெந்நீர் கொடுப்பாங்க. ரொட்டியை நனைச்சுத் தின்னுக்குவேன்."

"சொல்லியிருக்கலாமே அம்மா?"

"யாருகிட்டச் சொல்றது? பையன் வாசலில் வெச்சுட்டு உடனே போயிடுவான். நீங்க மெனக்கெட்டு அனுப்புறீங்க. வேணாம்னு சொன்னா மனசு நோகுமேன்னு வாங்கி வெச்சேன்."

நமக்கு வருத்தம் வரக்கூடாது என்பதற்காக அவர் ரொட்டியை நனைத்துத் தின்றிருக்கிறார். அவர்தான் நமக்குத் தர்மம் செய்திருக்கிறார். நாம் அவருக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், அரிசிக்கு வாடகையில்லாமல் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே கேஸ் தோம்பு வந்தது. அடுத்த வாரம் ஒரு சகோதரர் தமது வேனில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். கண்ணுக்கு வைத்தியம் நடக்கிறது. இவையெல்லாம் பெருஞ்செலவு பிடித்த காரியங்கள் அல்ல. ஒரு தடவை போய் உட்கார்ந்து, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டிருந்தால் எப்போதோ நடந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் நாம் நினைத்துப் பார்த்தது இதைத்தான். குழுவில் இருப்பவர்கள் இருபதுக்கு மேல். அத்தனை பேரும் அந்தச் 'சரி' அடையாளத்தைப் பார்த்திருக்கிறோம். பார்த்த ஒவ்வொருவரும், வேறு யாரோ அந்த அம்மாவைக் கவனித்துக்கொள்கிறார் என்று நம்பியிருக்கிறோம். ஆனால் அவரை ஒருவரும் பார்க்கவில்லை.

ஃபர்ளு கிஃபாயா என்பதை நாம் சிறு வயதில் மதரஸாவில் ஓதினோம். ஊரில் சிலர் செய்துவிட்டால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மையித்தைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், ஜனாஸாத் தொழுகையும், அடக்கமும் இந்த வகைக் கடமைகள். இதை ஓதியபோது, சிலர் செய்தால் போதும் என்பது மட்டும் நமக்குச் சௌகரியமாக மனத்தில் பதிந்துவிட்டது. அந்தச் சிலர் யார், உண்மையிலேயே செய்தார்களா என்று விசாரிக்கும் பொறுப்பு எல்லோர் தலைமீதும் இருக்கிறது என்பது பதியவில்லை. யாரோ செய்திருப்பார்கள் என்று ஊர் முழுதும் நம்பிப் படுத்துறங்கினால், செய்யாமலே விட்ட ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம்?

நேரில் கூடுவதன் பிரயோஜனம் இங்கேதான் இருக்கிறது. கைப்பேசியில் "பார்த்தாயிற்றா?" என்று ஒருவர் எழுதினால், மற்றவர் ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, "அந்த அம்மாவை இந்த மாதம் நேரில் கண்டவர் யார்?" என்று தலைவர் கேட்டால், ஒருவர் கை தூக்க வேண்டும், அல்லது ஒருவரும் தூக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்த வெட்கம் நமக்கு அவசியம். நாம் வியாபாரிகள். சரக்கு வந்து இறங்கியது என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் பணம் கட்டிவிடுவோமா? மூட்டையை எண்ணி, ஒன்றைக் குத்திப் பார்த்து, பிறகுதானே கையெழுத்துப் போடுகிறோம்? சொந்த லாபத்தில் இவ்வளவு கவனம் வைப்பவர்கள், ஏழையின் பசியைச் சீட்டைப் பார்த்தே தீர்ந்ததாக எழுதிவிட்டோம்.

கேட்பவருக்கு மட்டும் உதவி என்று வைத்துக்கொண்டால் கேட்காதவர் கதி என்ன என்பதையும் நோய்க்காலம் காட்டித் தந்தது. 2021 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நாடெங்கும் வெள்ளைக் கொடி ஏறியது. உணவில்லாத வீட்டார் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். அக்கம் பக்கத்தார் ஓடி வந்து உதவினார்கள். இனம், மதம் பார்க்கவில்லை. அது மலேசிய மக்களின் நற்குணத்துக்குச் சாட்சி. ஆனால் சகோதரர்களே, கொடி கட்ட மானம் இடம் கொடுக்காத வீடுகளும் இருந்தன. கடன் சொல்லத் தயங்கி, நமது கடை வாசல் வரை வந்து உப்பு மாத்திரம் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களை நாமே கண்டிருக்கிறோம். அப்படிப்பட்டவர் கஷ்டம் கைப்பேசியில் வராது. பக்கத்தில் போய் நின்றால், முகத்தைப் பார்த்தால், தெரியும்.

அனுப்ப முடியாத உதவிகளும் உலகில் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்கு வைத்தியம் செய்து அதே நோயில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனபோது, ஒரு கூட்டம் திரண்டு கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. கடைசியில் அவருடன் பணியாற்றிய இன்னொரு டாக்டர், ஓரிரு ஊழியர்களின் துணையோடு, நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். கல்லெறிந்தவர்களும் நேரில் கூடியவர்களே. ஆகவே கூடுவது தன்னளவில் புண்ணியம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே தமிழ்நாட்டில், சொந்தக்காரரே கிட்டே வர அஞ்சிய சடலங்களை, தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் பாதுகாப்பு உடை அணிந்து தூக்கிச் சென்றார்கள். இறந்தவர் எந்த மதமோ அந்த மத முறைப்படி இறுதிக் கடன் செய்து வைத்தார்கள். சந்தூக்கைத் தோளில் சுமப்பதற்குப் பதிலாகப் பணம் அனுப்புகிறேன் என்று எவராலும் சொல்ல முடியாது. தோள்தான் வேண்டும்.

நமது ஊரிலேயே நடந்த ஒன்றையும் மறக்கலாகாது. 2024 ஜனவரி 26-ம் தேதி விடியுமுன், இங்கே புளூ வேலியில் மண் சரிந்து மியான்மார் தேசத்தவர் ஐந்து பேர் புதையுண்டு இறந்தார்கள். தேடும் பணி நாட்கணக்கில் நடந்தது. நாம் உண்ணும் கோசும் தக்காளியும் இந்த மலையிலிருந்து இறங்குவதற்கு அவர்களைப் போன்ற அந்நிய தேசத்துத் தொழிலாளர்களின் உழைப்பே காரணம். அத்தகைய தொழிலாளர்கள் நமது கடைகளில் தினமும் அரிசியும் கருவாடும் வாங்குகிறார்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. எந்தச் சரிவின் கீழே, எந்தத் தகரக் கொட்டகையில் படுத்துறங்குகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் தெரிந்து வைத்திருந்தால் மண் சரியாமல் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இரவில் விடாது மழை கொட்டும்போது, இன்ன இடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எச்சரிக்க வேண்டும், பள்ளிவாசலிலோ மண்டபத்திலோ படுக்க இடம் கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதற்காவது ஒரு குழு வேண்டாமா? 2013 அக்டோபரில் அணைத் தண்ணீர் திறக்கப்பட்டு பெர்தாம் வேலியில் உயிர்கள் போனபோதும் இந்த மலை பாடம் படித்தது. படித்த பாடத்தை ஞாபகம் வைத்திருப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

"எல்லோராலும் வர முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடையில் ஆள் இல்லை. பாதை வளைந்து வளைந்து போகிறது. வயதானவர்களுக்கு இரவுக் குளிர் ஆகாது. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1905 பிப்ரவரியில் சிகாகோ நகரில் ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர் ஆகிய நால்வர் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் உள்ள ரோட்டரி சங்கம். உறுப்பினர்களின் தொழிலிடங்களில் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அந்தப் பெயர் வந்தது. நம்மைப் போலத் தொழில் நடத்துகிறவர்கள்தான். முதலில் நட்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் கூடியவர்கள், 1907-ல் நகரத்தில் பொதுக் கழிப்பிடம் அமைக்கும் காரியத்தில் இறங்கினார்கள். அதுவே அவர்களுடைய முதல் பொதுப்பணி என்கிறார்கள். பேர் வாங்கித் தரும் காரியமல்ல. தெருவில் நடப்பவனுக்குத் தெரியும் குறை. நோய்க்காலத்தில் அவர்களும் திரையில்தான் கூடினார்கள். 2022 ஜூனில் ஹூஸ்டன் நகரில் உலக மாநாட்டை மறுபடி நேரில் நடத்தினார்கள்.

நாமும் அவ்வாறே முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கம்போங் ராஜா, ஒரு மாதம் திரிங்காப், ஒரு மாதம் பிரிஞ்சாங். எப்போதும் ஒரே ஆள் தூரம் வர வேண்டியிருக்காது. வசூலும் கணக்கும் அறிவிப்பும் கைப்பேசியிலேயே நடக்கட்டும். அதில் அது கெட்டிக்காரப் பிள்ளை. ஆளைப் பார்ப்பதை மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். வர இயலாத முதியவர் வீட்டிலிருந்தபடியே சொல்லட்டும். அவரையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது போய்ப் பார்க்கட்டும். உதவி செய்பவர் பட்டியலில் இருப்பவர் உதவி வேண்டுபவர் பட்டியலுக்கு மாறுவதற்கு ஒரு காய்ச்சல் போதும்.

வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது ஏழையின் மானத்துக்குக் குறைவல்லவா என்று இன்னொரு பெரியவர் ஐயம் எழுப்பினார். அதிகாரியைப் போல் நுழைந்தால் குறைவுதான். விருந்தாளியைப் போல் போனால் குறைவில்லை. ஆகவே முதற் கூட்டங்களில் இவ்வளவு முடிவு செய்திருக்கிறோம்: இருவர் இருவராகப் போக வேண்டும். பெண்கள் தனித்திருக்கும் வீட்டுக்கு நம் வீட்டுப் பெண்களும் உடன் வர வேண்டும். படம் எடுக்கக் கூடாது. கொடுத்த சாமானைப் பற்றிப் பேசக் கூடாது. அவர்கள் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால் மறுக்காமல் குடிக்க வேண்டும். திரும்பி வந்து, மாதக் கூட்டத்தில், "நான் பார்த்தேன்" என்று தம் பெயரைச் சொல்லி ஒப்புவிக்க வேண்டும்.

இளைஞரே, உமது கேள்விக்கு நமது பதில் இதுதான். தேநீருக்காகவோ நாற்காலிக்காகவோ கூடுவதானால் நீர் சொன்னதே சரி, வர வேண்டாம். யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்வதற்காகக் கூடுகிறோம் என்றால், கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு வாரும். உமக்கு நாமும், நமக்கு நீரும் சாட்சி.

அந்த அம்மாவின் வீட்டிலிருந்து எடுத்து வந்த நான்கு பைகளில் மூன்றைக் கோழிக்குத்தான் போட வேண்டியதாயிற்று. நான்காவது பையை நமது கடையில் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறோம். குழுவில் 'சரி' அடையாளம் வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டம் திரிங்காப்பில். குடை எடுத்து வாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நிய்யத்தைத் தூய்மையாக்கி, செய்யும் ஊழியத்தை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.